மூன்று வயது மகனுக்கு ஹெர்னியா அறுவை: "காடல்" மரப்பு ஊசிக்குச் சம்மதிக்கலாமா?

பொங்கோல்_அம்மா | வெள்ளி இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு மூன்று வயது. வலப்பக்க விரை கீழே இறங்கவில்லை, அதே பக்கம் ஹெர்னியாவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்து மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். முன்பரிசோதனைக்குப் போனபோது, முழு மயக்கம் கொடுத்த பிறகு வால் எலும்புப் பக்கம் "காடல் பிளாக்" என்று ஒரு மரப்பு ஊசி போடுவோம், எழுந்ததும் வலி இருக்காது என்றார்கள். யோசித்துக்கொள்ளுங்கள், அன்று காலை மயக்க டாக்டர் வந்து பேசிக் கையெழுத்து வாங்குவார் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் இரண்டு கட்சி. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி, ஆம்பளைப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்" என்கிறார். கணவருக்கோ மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும் என்று பயம். மயக்கமே இல்லாமல் ஊசியை மட்டும் போட்டுச் செய்ய முடியாதா என்கிறார். ஒருவருக்கு ஊசி கூடாது, இன்னொருவருக்கு ஊசி மட்டும் போதும். யாராவது பிள்ளைக்குப் போட்டிருந்தால் சொல்லுங்களேன்.

தெம்பனிஸ்_வாசி | வெள்ளி இரவு 10:40

அக்கா, மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து எனக்கு இடுப்பு பிடிக்கிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த எனக்கே இப்படி. மூன்று வயதுப் பிள்ளை எதைச் சொல்லும்? ஹெர்னியா சின்ன அறுவைதானே. மயக்கம் கொடுத்து முடித்துவிட்டு அப்புறம் பனடோல் சிரப் கொடுத்தால் போதாதா?

காப்பிஓ_கொசோங் | வெள்ளி இரவு 11:25

எனக்கும் இதில் ஒரு குழப்பம். அப்பாவுக்கு முழங்கால் மாற்றியபோது இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, ஆளை முழிக்கவைத்தே செய்தார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு மட்டும் ஏன் மயக்கமும் ஊசியும் சேர்த்து? பில்லில் ஒரு வரி கூடுவதற்கா? குதர்க்கமாகக் கேட்கவில்லை. "ரொம்பப் பாதுகாப்பானது" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எத்தனை பேருக்குப் போட்டு எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை.

மயக்கத்துறை_ஆள் | சனி காலை 7:05

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். மதுரையில் படித்தவன், இங்கே சிங்கப்பூரில் மயக்க மருத்துவத்தில் இருக்கிறேன். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அவனைப் பரிசோதித்தவர் சொல்வதே கடைசி. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

மூன்று வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க மாட்டான். கீழே மரத்திருந்தாலும் அந்த விளக்கையும் முகமூடி போட்ட ஆட்களையும் பார்த்தே அலறுவான். ஊசி இறங்கும்போது துள்ளினால் அது போகக்கூடாத இடத்துக்குப் போகும். அதனால் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் மரப்பு ஊசி. ஐரோப்பிய, அமெரிக்க மரப்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட பரிந்துரையும் இந்த முறையை ஏற்றுக்கொள்கிறது. மரப்பு இருந்தால் மயக்க வாயு குறைவாகப் போதும். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்துகளும் குறையும், சில சமயம் தேவையே படாது. அவை குறைந்தால் வாந்தி குறையும், மூச்சு மந்தமாகும் கவலையும் குறையும். ஆகவே "மயக்கமா, ஊசியா" என்று வீட்டில் வாதாடிப் பயனில்லை. மயக்கம் எப்படியும் உண்டு. அதன் மேல் எந்த ஊசி, ஏன் அந்த ஊசி என்பதைத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஏன் காடல் என்றார்கள் என்று ஊகிக்க முடிகிறது. வெறும் ஹெர்னியா என்றால், இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் வயிற்றுச் சுவருக்குள் ஓடும் இரண்டு நரம்புகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து மரக்கவைத்தாலே பெரும்பாலும் போதும். விரையை இறக்கும்போது கணக்கு மாறுகிறது. கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் விரையின் வலி, தொப்புள் மட்டத்துக்கு உரிய பத்தாம் மார்பு நரம்பு வழியாகத்தான் மேலே போகும். அறுவை மருத்துவர் விரைநாணைப் பிடித்து இழுக்கும்போது, கவட்டை மட்டும் மரத்திருந்தால் அந்த வலி அகப்படாமல் தப்பிவிடும். காடலில் மருந்தின் அளவைக் கூட்டி அந்த மட்டம் வரை ஏற்றலாம். கிலோவுக்கு அரை மில்லி என்றால் ஆண்குறி, ஆசனவாய்ப் பகுதி. ஒரு மில்லி என்றால் கவட்டையும் அதற்குக் கொஞ்சம் மேலேயும். 1979இல் ஆர்மிடேஜ் என்ற மருத்துவர் போட்ட இந்தக் கணக்கு இன்றும் எங்களுக்கு மனப்பாடம்.

இனி மாமியாரின் பயம். ஊசி இறங்கும் இடம் நாம் முதுகு என்று சொல்லும் இடம் இல்லை. புட்டப் பிளவு தொடங்கும் இடத்தில், திருவெலும்பின் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) அடிமுனையில் சின்னத் திறப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒரு சவ்வு மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு அதை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம், பெரியவர்களுக்குத்தான் கடினம். மூன்று வயதில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. தண்டுவடத்தைச் சூழ்ந்து அதற்கும் கீழே தொங்கும் நீர்ப்பையும் திருவெலும்பின் இரண்டாம் மட்டத்தில் நின்றுவிடும். ஊசி அதற்கும் கீழே. பிறந்த குழந்தைக்கு இரண்டுமே இன்னும் கீழே இருக்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

காடல் எல்லோருக்கும் பொருந்தாது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளை, திருவெலும்புக்கு மேல் ஆழமான குழியோ முடிக்கற்றையோ உள்ள பிள்ளை, ரத்தம் எளிதில் உறையாத பிள்ளை, குத்தும் இடத்தில் புண் உள்ள பிள்ளை என்றால் தவிர்ப்போம். ஏழெட்டு வயதுக்கு மேல் மருந்து சீராகப் பரவுவதில்லை, வேறு ஊசி தேடுவோம். உங்கள் பிள்ளைக்கு அந்த இடத்தில் குழி மாதிரி ஏதாவது இருந்தால் அன்று காலை மறக்காமல் சொல்லுங்கள்.

காப்பி அண்ணன் கேட்ட எண்ணிக்கை. வட அமெரிக்காவில் பிள்ளைகள் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. 2018இல் அதிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரப்பு ஊசிகளின் விவரம் வெளிவந்தது. பெரும்பாலானவை மயக்கத்தில் போட்டவை. நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. தற்காலிக மதமதப்பு, பலவீனம் போன்றவை பத்தாயிரத்துக்கு 2.4. மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்போ இதயக் கோளாறோ வந்தது பத்தாயிரத்துக்கு 0.76. இந்தக் கடைசி வகைதான் எங்களைப் பயமுறுத்துவது. அதற்காகத்தான் ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, அட்ரினலின் கலந்த சோதனை அளவைக் கொடுத்து இதயத் திரையைக் கவனிப்பது, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவது எல்லாம். அப்படியும் நடந்துவிட்டால் கொடுக்க 20% கொழுப்புத் திரவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. நூற்றில் சில பேருக்கு அப்படி ஆகும். அப்போது வலி மருந்தை ரத்தநாளத்தில் கொடுப்போம்.

தெம்பனிஸ்_வாசி | சனி காலை 9:30

டாக்டர், அப்போ எனக்கு வருவது கற்பனை வலியா?

மயக்கத்துறை_ஆள் | சனி காலை 9:52

இல்லைம்மா, வலி உண்மைதான். ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலி, பிரசவத்தில் முதுகு ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு, குனிந்து பாலூட்டுவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் சேர்ந்த வலி அது. இயன்மருத்துவரைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். ஊசியின் மேல் பழி போட்டுவிட்டு வைத்தியம் பார்க்காமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஈசூன்_தாத்தா | சனி காலை 10:15

எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்கு இவ்வளவெல்லாம் போட்டதில்லை. வளர்ந்து ஆளாகித்தான் இருக்கிறோம்.

மயக்கத்துறை_ஆள் | சனி காலை 10:31

ஐயா, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்றால், பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று டாக்டர்களே நம்பினார்கள். 1980களின் நடுப்பகுதி வரை மேல்நாட்டில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்கு வலி மருந்து இல்லாமல், அசையாமல் இருக்கும் மருந்து மட்டும் கொடுத்து இதயப் பக்கத்து ரத்தக்குழாயைக் கட்டியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்டில் இருந்த கன்வல்ஜீத் ஆனந்த் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில்தான், ஃபென்டனில் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடல் குறைவாகத் தடுமாறியது, சிக்கல்களும் குறைந்தன என்று தெரிந்தது. அழ முடியாதபடி செய்துவிட்டு வலியில்லை என்று எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

காப்பிஓ_கொசோங் | சனி மதியம் 12:20

எண்ணிக்கைக்கு நன்றி டாக்டர். பொங்கோல் அம்மாவின் கணவருக்காக மூளை விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஏழு நாடுகளில் 722 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. ஹெர்னியா அறுவைக்கு வந்த கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு மயக்கமில்லாமல் கீழ்முதுகு ஊசி மட்டும். 2019இல் ஐந்து வயது முடிவு வந்தது: இரண்டு குழுக்களின் அறிவுத்திறன் அளவிலும் வித்தியாசம் இல்லை. மயக்கத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்ததும் மூன்று வயதுக்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மயக்கத்தையும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தையும் பற்றித்தான். இந்த அறுவை அதில் வராது என்று நினைக்கிறேன்.

ஆனால் மயக்கமே இல்லாமல் கைக்குழந்தைக்குச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியென்றால் மூன்று வயதுக்கு ஏன் முடியாது?

மயக்கத்துறை_ஆள் | சனி மதியம் 1:02

சரியாகப் படித்திருக்கிறீர்கள். கைக்குழந்தைக்குக் கீழே மரத்துவிட்டால், கை இரண்டையும் சுற்றிக்கட்டி, வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்ட நிப்பிளை வைத்தால் அநேகமாகத் தூங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை, முதல் அரைமணி நேரத்திலாவது குறைகிறது. மூன்று வயதுக்காரனிடம் நிப்பிளை நீட்டினால் எட்டித்தான் உதைப்பான்.

உட்லண்ட்ஸ்_ரவுண்டு | சனி மதியம் 1:40

இதே அறுவை ஜோகூரில் செய்தால் பாதி விலையாமே, உண்மையா?

மட்டுறுத்துநர் | சனி மதியம் 2:05

விலைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். இங்கே ஒரு வரி மட்டும்: தனியார் மருத்துவமனையில் மயக்க டாக்டரின் கட்டணம் தனியாக வரும். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் கட்டண அளவுகோல்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரவுப்பணி_தாதி | சனி மாலை 6:48

டாக்டர் அறுவை அறைக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டார். அம்மா பார்க்கப்போவது அதற்குப் பிறகு நடப்பதை. அதை நான் சொல்கிறேன்.

கண் விழித்ததும் சில பிள்ளைகள் பயங்கரமாகக் கத்துவார்கள். உதைப்பார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், அம்மாவையே அடையாளம் தெரியாது. "ஊசி வேலை செய்யவில்லை, வலிக்கிறது" என்று பெற்றோர் பதறுவார்கள். பல நேரம் அது வலி இல்லை, மயக்க வாயு தெளியும்போது வரும் குழப்பம். இந்த வயதில்தான் அதிகம். கால் மணி, அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். வலி என்றால் பிள்ளை உங்களைப் பார்த்து அழுவான், தொட்டால் ஒட்டிக்கொள்வான், காலை மடக்கி வைத்துக்கொள்வான். நாங்கள் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வரை போட்டு மருந்தை முடிவு செய்வோம்.

காடல் பிடித்துவிட்டால் பிள்ளை சமத்தாக உட்கார்ந்து மைலோ கேட்பான். ஏமாந்துவிடாதீர்கள். மரப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். காலை 10 மணிக்கு அறுவை என்றால் மாலை காரில் ஏறும்போதோ வீட்டு லிஃப்டிலோ வலி ஆரம்பிக்கும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மருந்து" என்று சிரப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் இரவு 11 மணிக்கு அவசரப் பிரிவுக்கு ஃபோன் செய்கிறார்கள். மரப்பு இருக்கும்போதே, எழுதிக்கொடுத்த நேரத்துக்கு முதல் வேளையைக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் அழுகைக்குக் காத்திருக்காமல் நேரம் பார்த்துக் கொடுப்பது நல்லது. அளவு எடைக்கு ஏற்றது, லேபிளில் உள்ளதை மீறாதீர்கள். வீட்டில் இருக்கும் சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கால் சில மணி நேரம் துவளும். எழுந்து ஓடுகிறேன் என்று இறங்கி விழுவான், பக்கத்திலேயே இருங்கள். சிறுநீர் தாமதமாகலாம். எத்தனை மணி நேரம் வரை காத்திருக்கலாம், பிறகு எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கிளம்பும்முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று சக்கர சைக்கிள், இடுப்பில் கால் அகட்டித் தூக்கி வைப்பது இரண்டும் சில வாரம் வேண்டாம். பாட்டிக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். பேரனை இடுப்பில் வைக்காமல் அவர்களால் இருக்க முடியாது.

ஜூரோங்_அப்பா | சனி இரவு 9:15

என் மகனுக்கு வேறு பிரச்சினை. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கிறது, ஹைப்போஸ்பேடியஸ். அதற்கும் காடல் என்கிறார்கள். ஆனால் காடல் போட்டால் தைத்த இடத்தில் ஓட்டை விழுந்து சிறுநீர் கசியும் என்று ஓர் ஆய்வு இருக்கிறதாமே? புதுச்சேரி ஜிப்மரில் செய்தது என்று மைத்துனன் அனுப்பினான்.

மயக்கத்துறை_ஆள் | சனி இரவு 10:20

ஆமாம், 2012இல் வந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குக் காடல், இன்னொன்றுக்கு ஆண்குறி நரம்பு ஊசி போட்டார்கள். காடல் குழுவில் கசிவு அதிகம். காடல் போட்டால் அந்தப் பகுதியில் ரத்தம் தேங்கி உறுப்பு வீங்குவதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். உலகம் முழுக்க எங்கள் துறையில் இதைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. ஜிப்மர் ஆய்வு ஒழுங்காக வடிவமைத்தது, ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியது. அதன் பிறகு பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன.

கோப்பு ஆய்வில் ஒரு சிக்கல். துளை மிகக் கீழே இருக்கும் கடினமான பிள்ளைகளுக்குத்தான் டாக்டர்கள் காடலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓட்டை விழும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். அதை வைத்துக் காடலைக் குறை சொல்வது, மழை நாளில் குடை அதிகம் தென்படுவதைப் பார்த்துக் குடையால்தான் மழை என்று சொல்வதைப் போன்றது.

என் கருத்தைக் கேட்டால்: துளை நுனிக்கு அருகிலேயே இருந்தால் ஆண்குறி நரம்பு ஊசியே போதும், காலும் துவளாது. மிகக் கீழே இருந்தால் காடல் நல்ல வலி நிவாரணம். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் இருவரும் இருக்கும்போதே கேளுங்கள். சில அறுவை மருத்துவர்களுக்கு இதில் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. தைப்பவர் அவர்தானே.

செங்காங்_மம்மி | ஞாயிறு காலை 8:50

மகள் விளையாட்டுத் திடல் கம்பியிலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தபோது, மரப்பு ஊசி வேண்டாம் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் ஊசி நல்லது என்கிறீர்களே, ஏன் மறுத்தார்?

மயக்கத்துறை_ஆள் | ஞாயிறு காலை 11:10

அந்த முறிவில் தசைக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து உண்டு. அதன் முதல் எச்சரிக்கை மருந்துக்கு அடங்காத வலி. கை முழுக்க மரத்துவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுமோ என்ற பயம். நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று விரலை அசைக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். மெலிந்த அளவில் போட்டால் அந்த எச்சரிக்கை வலி மறையாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பொங்கோல்_அம்மா | வியாழன் மதியம் 3:30

செவ்வாய்க்கிழமை முடிந்தது. காடல் போட்டார்கள். மயக்க டாக்டர் ஒரு பெண், சீன மொழிக்காரர். மாமியாருக்காக என் மேலேயே விரல் வைத்து ஊசி எந்த இடம் என்று காட்டினார். மாமியார், "அது முதுகே இல்லையே" என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசவில்லை. எழுந்ததும் தாதி சொன்ன மாதிரியே கத்தல், முன்பே தெரிந்ததால் பதறவில்லை. சிரப்பைக் காரில் ஏறும்முன் கொடுத்தேன். சிறுநீர்தான் இரவு 8 மணி வரை வரவில்லை, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு உட்காரவைத்த பிறகு போனான். இப்போது சோபாவிலிருந்து குதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கிளமெண்டி_கவிதா_இல்லை | வியாழன் இரவு 9:05

இழை பழசாகும்முன் ஒரு கேள்வி. என் மகளுக்கு ஐந்து வயது, அடுத்த மாதம் டான்சில் எடுக்கிறார்கள். அதற்கும் இப்படி மரப்பு ஊசி உண்டா?

மயக்கத்துறை_ஆள் | வியாழன் இரவு 11:40

காடல் தொண்டை வரை எட்டாது. தொண்டை நரம்புகளை முழுதாக மரக்கவைத்தால் விழுங்குவதும் மூச்சுவழியைக் காப்பதும் கெடும், அதனால் யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. அறுவையின்போது டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள், பிறகு பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும். கோடீன் கலந்த எதையும் கொடுக்காதீர்கள். சில பிள்ளைகளின் ஈரல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும். 12 வயதுக்குக் கீழே கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் சொல்லிவிட்டது. ஊரிலிருந்து வந்த இருமல் சிரப் வீட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள். ஹெர்னியாவுக்கு முதல் இரவுதான் கஷ்டம். டான்சிலுக்கு ஒரு வாரம் கழித்தும் வலி கூடலாம், அதுவரை மருந்தும் விடுப்பும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.